எல்லாம் வல்லவர் யார்? – கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு சிந்தனை

ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை செய்கிறோம். அதன் தொடக்கத்திலேயே கடவுளை 'எல்லாம் வல்லவர்' என்று அறிக்கையிடுகிறோம். சிறு வயது முதல் சொல்லிப் பழகிய சொல் என்பதால், அதன் பொருள் என்ன என்று நின்று யோசிப்பதில்லை. ஆனால் சில நாட்களில் இந்தச் சொல்லே தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி மக்களுக்கு அத்தகைய நாட்களாக அமைந்தது. நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள். தாய், தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பந்தல் போட்டு அழுத அந்த மக்களில் யாராவது நம்மைப் பார்த்து, "எல்லாம் வல்லவர் என்கிறீர்களே, அவர் ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டால், நாம் என்ன சொல்வோம்?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லாமல், 'எல்லாம் வல்லமை' என்ற கருத்தைச் சமயமும் இலக்கியமும் சமுதாயமும் எப்படிப் புரிந்துகொண்டன என்று முதலில் பார்ப்போம். கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையும் இதற்கு நமக்கு நல்ல பாடநூலாக இருக்கின்றன.

சொல்லின் பொருள்

தொடக்கநூல் 17-ஆம் பிரிவில், தொண்ணூற்றொன்பது வயதான ஆபிராமுக்குக் கடவுள் தம்மை 'எல் ஷடாய்' என்று வெளிப்படுத்துகிறார். இந்த எபிரேயப் பெயரைத்தான் நாம் 'எல்லாம் வல்ல இறைவன்' என்று மொழிபெயர்க்கிறோம். கிரேக்க மொழியில் இதற்கு இணையாகப் பயன்பட்ட சொல் 'பாந்தோக்ராத்தோர்'. திருவெளிப்பாடு நூலில் மட்டும் இச்சொல் ஒன்பது முறை வருகிறது. நினைத்ததையெல்லாம் செய்து முடிப்பவர் என்பதைவிட, அனைத்தையும் தம் கையில் பிடித்துத் தாங்குபவர், அனைத்தையும் ஆள்பவர் என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள்.

அந்த நூல் எழுதப்பட்ட காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உரோமைப் பேரரசனைக் கிரேக்க மொழியில் 'அவுத்தோக்ராத்தோர்' என்று அழைத்தனர். தன் விருப்பப்படி தானே ஆள்பவன் என்று அதற்குப் பொருள். பேரரசனின் சிலைக்கு முன் தூபம் இடும்படி மக்கள் வற்புறுத்தப்பட்ட நாட்கள் அவை. அந்நிலையில் ஒரு சிறு கூட்டம், கடவுள் ஒருவரே அனைத்தையும் ஆள்பவர் என்று பாடியது. அப்படிப் பாடியபோதே, பேரரசன் அப்படிப்பட்டவன் அல்லன் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே 'எல்லாம் வல்லவர்' என்பது கடவுளைப் புகழும் சொல் மட்டும் அன்று. மண்ணில் எவரும் எல்லாம் வல்லவர் அல்லர் என்ற அறிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

நம் தமிழிலும் இதையொத்த ஒரு செய்தி உண்டு. 'இறை' என்ற சொல்லுக்குக் கடவுள் என்றும் பொருள், அரசன் என்றும் பொருள், அரசனுக்குச் செலுத்தும் வரி என்றும் பொருள். வரி நீக்கப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'இறையிலி' என்கின்றன. 'கோயில்' என்ற சொல்லும் அரசன் வாழும் இல்லத்தையும் கடவுள் உறையும் இல்லத்தையும் குறித்தது. திருவள்ளுவர் கடவுளை 'இறைவன்' என்றார். அரசனின் சிறப்பைச் சொல்லும் 39-ஆம் அதிகாரத்துக்கு 'இறைமாட்சி' என்று பெயர் வந்தது. ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். நீதி வழங்கிக் குடிகளைக் காக்கும் அரசனைத்தான் மக்கள் தங்கள் இறையாக எண்ணுவர் என்பது அவர் கருத்து. ஆளும் உரிமை பிறப்பினாலோ படையினாலோ மட்டும் வந்துவிடாது, காப்பதனால்தான் வரும் என்பதே இதன் உட்பொருள்.

மலைமேல் மூன்று 'இறை'கள்

இந்த நிபந்தனை மறக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதைக் கல்வராயன் மலையின் வரலாறு காட்டுகிறது. அங்கு வாழும் பழங்குடி மக்கள் 'மலையாளிகள்' என்று அழைக்கப்படுகின்றனர். கேரளத்தவருக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடம் வழங்கும் மரபுக்கதை. மலையை ஆள்பவர் என்றும் பொருள் கொள்ளக்கூடிய பெயர் அது. ஆனால் மலையை ஆண்டவர்கள் வேறு.

சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற பட்டப் பெயர்களோடு மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இம்மலையைப் பிரித்து ஆண்டன. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மலையில் உழுதவர்கள் அரசுக்கு அல்ல, இவர்களுக்கே வரி செலுத்தினர். ஆங்கிலேயர் வந்தனர், போயினர். 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துச் சமவெளியில் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. ஆனால் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை மேலும் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. 1976-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள்தான் மலை அரசின் கைக்கு வந்தது.

1 சாமுவேல் 8-ஆம் பிரிவை இங்கே நினைத்துக்கொள்வது பயனுள்ளது. தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் கேட்கின்றனர். வரப்போகும் அரசன் என்னென்ன செய்வான் என்று சாமுவேல் பட்டியல் போட்டுக் காட்டுகிறார். புதல்வர்களைத் தன் நிலத்தை உழ வைப்பான், புதல்வியரைச் சமையல் வேலைக்கு எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வான், முடிவில் நீங்கள் அவனுக்கு அடிமைகள் ஆவீர்கள் என்று எச்சரிக்கிறார். கேட்பாரற்ற அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதிய பழைய நூல்கள் குறைவு.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மலை மக்கள் ஜாகீர்தார்களிடமிருந்து விடுபட்ட அந்த ஜூன் 25, நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள். அப்போது தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. நெருக்கடி நிலையின்போது, சட்டத்துக்குப் புறம்பாகக் காவலில் வைக்கப்பட்டவர்கூட உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் தீர்ப்பளித்திருந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டு எழுதினார். அதாவது, மலைமேல் இருந்த ஒரு சிறிய எல்லையற்ற அதிகாரத்தை, தனக்கும் எல்லை இல்லை என்று எண்ணத் தொடங்கியிருந்த ஒரு பெரிய அதிகாரம் முடிவுக்குக் கொண்டுவந்தது. பின்னர் 1978-இல் வந்த 44-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் வாழ்வுரிமையைத் தடுத்து வைக்க முடியாதபடி செய்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தவறு என்று தள்ளியது. எந்த அதிகாரத்துக்கும் எல்லை வேண்டும் என்பதை நாடு துன்பப்பட்டுத்தான் கற்றது.

இலக்கியம் தரும் எச்சரிக்கை

தான் எல்லாம் வல்லவன் என்று நினைத்தவர்களின் கதைகள் நம் இலக்கியத்தில் நிறைய உண்டு. கம்பர் காட்டும் இரணியன் வரங்களை வாங்கிக் குவித்தவன். உலகம் முழுவதும் தன் பெயரையே சொல்லித் துதிக்க வேண்டும் என்று ஆணையிட்டான். அதற்குப் பணிய மறுத்தவன் அவன் பெற்ற மகன். அத்தனை வல்லமையாலும் ஒரு சிறுவனின் நாவை அவனால் அசைக்க முடியவில்லை.

கேன உபநிடதத்தில் ஒரு கதை வருகிறது. வெற்றி பெற்ற செருக்கில் இருந்த தேவர்களின் முன் ஒரு யட்சன் தோன்றி, ஒரு துரும்பைப் போடுகிறான். அக்கினியால் அதை எரிக்க முடியவில்லை. வாயுவால் அதை நகர்த்தவும் முடியவில்லை. தங்கள் ஆற்றல் தங்களுடையது அன்று, பெற்றுக்கொண்டது என்பதைத் தேவர்கள் உணர்கின்றனர். யோவான் நற்செய்தி 19-ஆம் பிரிவில், விடுவிக்கவும் சிலுவையில் அறையவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லும் பிலாத்துவுக்கு இயேசு தரும் பதிலும் இதே கருத்துதான். அந்த அதிகாரம் மேலிருந்து கொடுக்கப்பட்டது, எனவே அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் வேறு வகை. அவன் தீயவன் அல்லன். ஆனால் பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் ஓர் ஆணை பிறப்பித்தான். ஒரு குற்றமற்றவனின் உயிர் போனது. உண்மை தெரிந்தபோது அரியணையில் இருந்தபடியே அவன் உயிர்விட்டான். தன் வாய்ச்சொல்லுக்கு மேலே அறம் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவன் ஒப்புக்கொண்டான். அதனால்தான் தவறு செய்த அரசனாக இருந்தும் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறான்.

கடவுளால் முடியாதவை உண்டா?

கடவுள் எல்லாம் வல்லவர் என்றால், தம்மாலேயே தூக்க முடியாத ஒரு கல்லை அவரால் படைக்க முடியுமா? மறைக்கல்வி வகுப்பில் மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. முடியும் என்றால் தூக்க முடியாது, முடியாது என்றால் படைக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் சிக்கல்.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்வினாஸ் இதுபோன்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை தந்தார். தன்னைத் தானே மறுக்கும் ஒன்று, செய்யக்கூடிய பொருளே அன்று. 'சதுரமான வட்டம்' என்பது வெறும் சொற்சேர்க்கை. அப்படி ஒரு பொருள் இல்லை. அதைச் செய்யவில்லை என்பதால் கடவுளின் வல்லமை குறைந்துவிடாது.

இதைவிட ஆழமான ஒன்றையும் திருச்சபைத் தந்தையர் கண்டனர். கடவுளால் பொய் சொல்ல முடியாது, தீமை செய்ய முடியாது, தம்மையே மறுதலிக்க முடியாது. இவை வல்லமைக் குறைவா? பெற்ற தாயால் தன் குழந்தைக்கு நஞ்சு கொடுக்க மனம் வராது. அதைப் பார்த்து, அவளுக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்வதில்லை. அவளுடைய அன்பின் வலிமை அது. அவ்வாறே, தீமை செய்ய இயலாமை கடவுளின் நிறைவைக் காட்டுகிறது. நினைத்தபடியெல்லாம் ஆட்டிப்படைப்பதுதான் வல்லமை என்று எண்ணுபவர்கள், கடவுளை ஒரு பெரிய ஜாகீர்தாராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

பிற சமயங்களும் வல்லமையைத் தனியாக நிறுத்துவதில்லை. திருக்குறளில் வரும் 'எண்குணம்' என்பதற்கு உரை எழுதிய பரிமேலழகர், சைவ மரபின்படி இறைவனின் எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்துகிறார். அதில் எல்லையற்ற ஆற்றலுக்கு முன்னால் பேரருள் வைக்கப்பட்டிருக்கிறது. இசுலாமியர் 'அல்-காதிர்', அதாவது வல்லமை உடையவன் என்று இறைவனை அழைக்கின்றனர். ஆயினும் திருக்குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்றைத் தவிர மற்றவை யாவும் அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால் தொடங்குகின்றன. நமது சாலமோனின் ஞான நூலின் 11-ஆம் பிரிவு, கடவுளால் எல்லாம் இயலும், அதனாலேயே அவர் எல்லார்மீதும் இரங்குகிறார் என்று கற்பிக்கிறது. பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறுத் திருப்பலியின் தொடக்க மன்றாட்டும், மன்னிப்பதிலும் இரங்குவதிலும்தான் கடவுள் தம் வல்லமையைச் சிறப்பாகக் காட்டுகிறார் என்றே வேண்டுகிறது. அஞ்சுபவன் அடிப்பான். உண்மையில் வலிமை உடையவருக்கே பொறுக்க முடியும்.

அப்படியானால் கருணாபுரம்?

இப்போது நாம் விட்டுவந்த கேள்விக்குத் திரும்புவோம். அருள் நிறைந்தவர், ஆற்றலும் நிறைந்தவர் என்றால், அவர் ஏன் தடுக்கவில்லை?

யூத மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் என்பவரின் தாய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அவர் 1984-இல் ஆற்றிய உரையில், அவ்வளவு கொடுமைக்குப் பின் கடவுளை நல்லவர் என்று நம்ப வேண்டுமானால், எல்லாம் வல்லவர் என்பதை விட்டுவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். திருச்சபை அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் மகனுடைய கேள்வியை அற்பமாக எண்ணவும் நமக்கு உரிமை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தீமையைத் தடுக்க இயலாதவர்போல் கடவுள் சில வேளைகளில் தோன்றக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. தம் மகனின் சிலுவையிலும் உயிர்ப்பிலுமே அவர் தம் வல்லமையை மறைபொருளாக வெளிப்படுத்தினார் என்றும் கற்பிக்கிறது. சிலுவையின்கீழ் நின்றவர்கள், இறங்கி வந்தால் நம்புகிறோம் என்றனர். அவர் இறங்கவில்லை. துன்புறுவோரைவிட்டு இறங்கிப் போகாத கடவுள் அவர்.

இந்த விடை அழுகிறவரின் கண்ணீரை உடனே துடைத்துவிடாது. ஆனால் சில பொய்யான விடைகளைச் சொல்லாமல் நம்மைத் தடுக்கும். முதலாவது, 'குடித்தார்கள், அனுபவித்தார்கள்' என்ற விடை. லூக்கா 13-ஆம் பிரிவில், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அந்த எண்ணத்தை மறுத்துவிட்டார்.

இரண்டாவது, 'எல்லாம் கடவுள் சித்தம்' என்ற விடை. மெத்தனாலைக் கடவுள் விற்கவில்லை. ஒருவர் வாங்கினார், ஒருவர் கலந்தார், ஒருவர் விற்றார், பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே போல் இறந்திருந்தனர். எச்சரிக்கை முன்னமே வந்துவிட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கருணாபுரம் வழக்கின் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. மனிதர் செய்ததையும் செய்யத் தவறியதையும் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. அது குற்றவாளிக்குச் செய்யும் உதவி.

அந்தத் துயரத்துக்குப் பின்புதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஜாகீர் முறை முடிந்து அரை நூற்றாண்டு நெருங்கியும் சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவை நீதிமன்றத்தில் பேசப்பட வேண்டிய நிலையில் இருந்தன. ஜாகீர்தார் போனதால் மட்டும் விடுதலை முழுமை அடைந்துவிடவில்லை.

நமது கோயிலுக்குள்

பிறரைக் கேட்கும் இந்தக் கேள்வியை நாம் நம்மிடமும் கேட்க வேண்டும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியுள்ள எறையூர், பழமையான கத்தோலிக்க ஊர். 2008-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கிறிஸ்தவர்களே கல்லெறிந்தனர். சாதியால் ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதல் அது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கச் சாதித் தரப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். ஒரே நம்பிக்கை அறிக்கையைச் சொன்னவர்கள், ஒரே தெரு வழியாக இறந்தவர்களைக் கொண்டு செல்ல முடியாமல் இருந்தார்கள்.

அங்கே 'எல்லாம் வல்லவர்' யாராக இருந்தார்? பீடத்தில் இருந்தவரா, தெருவில் இருந்த சாதியா? வேதனையான கேள்விதான். ஆனால் ஞாயிறன்று நாம் வாயால் அறிக்கையிடுவதைத் திங்கட்கிழமை யாருடைய சொல்லுக்கு அஞ்சுகிறோம் என்பதே உறுதிப்படுத்துகிறது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 2-ஆம் பிரிவு, கடவுள் நிலையில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்கிறது. அப்படிப்பட்டவரை வணங்குகிறவர்கள், பிறப்பின் பெயரால் தங்களை உயர்த்திக்கொள்வது எப்படிப் பொருந்தும்?

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, அதிகாரம் இல்லாத மனிதர் யாரும் இல்லை. குடும்பத் தலைவருக்கு வீட்டில் அதிகாரம், ஆசிரியருக்கு வகுப்பில், முதலாளிக்குப் பட்டறையில், பங்குத்தந்தைக்குப் பங்கில், அதிகாரிக்கு அலுவலகத்தில். நமக்குக் கிடைத்த சிறிய வல்லமையை நாம் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். இதனால் யார் காக்கப்படுகிறார்? இதற்கு நான் யாரிடம் கணக்குச் சொல்கிறேன்? நான் தவறும்போது என்னை 'இல்லை' என்று தடுக்க யாருக்காவது துணிவும் உரிமையும் உண்டா? மூன்றாவது கேள்விக்கு 'யாரும் இல்லை' என்பது விடையானால், அங்கே ஒரு சிறிய ஜாகீர் உருவாகிவிட்டது என்று பொருள்.

கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்னும் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். மலைக்கிராமத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குச் செல்ல நல்ல சாலை வேண்டும். நம் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் அன்பியங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிறு 'எல்லாம் வல்ல' என்று சொல்லும்போது சற்று நிறுத்தி, இந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்வோம். தாங்கிப் பிடிப்பவர் என்று நாம் அறிக்கையிடும் கடவுள் அவர்களைத் தாங்க நம் கைகளைக் கேட்கிறார். மறுக்காமல் கொடுக்க அவரிடமே அருள் வேண்டுவோம்.